பழைய கூற்றும் புதிய கூற்றும்: யூ2 குழுவின் மீள்பாடல்களை முன்வைத்து

ஒருவர் தாம் முன்னர் சொன்னதைப் பின்னர் மாற்றிச் சொன்னால் அதைத் தடுமாற்றம் என்று கருதுவோர் உண்டு. இஸ்லாமிய அறிவு மரபு அப்படிக் கருதியதில்லை. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் பக்தாதில் இருந்தபோது சொன்ன சட்டக் கருத்துகள் ‘கவ்லுல் கதீம்’ (பழைய கூற்று) எனவும், ஹிஜ்ரி 199-ஆம் ஆண்டளவில் எகிப்து சென்றபின் சொன்னவை ‘கவ்லுல் ஜதீத்’ (புதிய கூற்று) எனவும் வழங்கப்படுகின்றன. ‘அர்ரிஸாலா’ என்னும் தம் புகழ்பெற்ற நூலையே அவர்கள் இரண்டாம் முறை எழுதினார்கள். இன்று நம் கையில் இருப்பது எகிப்தில் எழுதப்பட்ட வடிவமே.

இதில் கவனிக்கத் தக்கது இமாம் அவர்கள் கருத்தை மாற்றிக்கொண்டது மட்டுமன்று. மாற்றியபின் பழையதற்கு என்ன நேர்ந்தது என்பதும் கவனிக்கத் தக்கது. அது அழிக்கப்படவில்லை. பக்தாத் மாணவர்கள் வழியாகப் பழைய கூற்றும், எகிப்து மாணவர்கள் வழியாகப் புதிய கூற்றும் அறிவிக்கப்பட்டன. பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ‘மின்ஹாஜ்’ நூலில் இது பழையது, இது புதியது என்று இரண்டையும் பெயர் சுட்டிப் பிரித்துக் காட்டினார்கள். செயலுக்குரியது புதியதே. எனினும் ஒருசில மஸ்அலாக்களில் பிற்கால அறிஞர்கள் பழைய கூற்றின்படியே ஃபத்வா அளித்துள்ளனர். பழையது காப்பாற்றப்பட்டிருந்ததால்தான் அது இயன்றது. திருத்தம் என்பது முன்னதை மறைப்பதன்று, முன்னதற்குச் சாட்சியாக நின்று அதைக் கடப்பது என்ற நெறி இதிலிருந்து பெறப்படுகிறது.

சட்டத் துறைக்கு உரிய இந்த நெறியைக் கலைக்குப் பொருத்திப் பார்க்கலாமா? அப்படியே பொருத்த முடியாது. பாடல் தீர்ப்பன்று. ஆயினும் ஒரு கலைஞர் தம் இளமைப் படைப்புகளை முதுமையில் மீண்டும் எடுத்து வேறு வடிவம் தரும்போது, எது மாறியது, எது மறைந்தது, மாறியதற்கான காரணம் படைப்பிலேயே தெரிகிறதா என்று கேட்பது திறனாய்வின் கடமை. அயர்லாந்தின் யூ2 ராக் இசைக்குழு 2023 மார்ச்சில் வெளியிட்ட ‘சாங்ஸ் ஆஃப் சரண்டர்’ என்னும் தொகுப்பை அக்கேள்விகளோடு அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொகுப்பின் இயல்பு

யூ2 குழு 1976-இல் டப்ளின் நகரில் பள்ளி மாணவர்கள் நால்வரால் தொடங்கப்பட்டது. பாடகர் போனோ 2022 நவம்பரில் ‘சரண்டர்’ என்னும் பெயரில் தம் வாழ்க்கை வரலாற்றை நூலாக வெளியிட்டார். நாற்பது அதிகாரங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பாடலின் பெயர். அந்நூலுக்குத் துணையாக அமைந்ததே இந்த இசைத்தொகுப்பு. இதிலும் நாற்பது பாடல்கள். பத்துப் பத்தாக நான்கு பகுதிகள். ஒவ்வொரு பகுதிக்கும் குழுவினர் ஒருவரின் பெயர். நாற்பதாவதாக வருவதும் ‘40’ என்னும் பாடலே. 1983-இல் பாடப்பட்ட அது, தாவூத் நபி (அலை) அவர்களின் பெயரால் பைபிளில் வழங்கும் சங்கீதங்களில் நாற்பதாவதைத் தழுவியது.

‘சரணடைதல்’ என்னும் சொல் நம் காதுக்குப் புதிதன்று. ‘இஸ்லாம்’ என்ற சொல்லின் பொருளிலேயே அது அடங்கியிருக்கிறது. போனோ தம் கிறிஸ்தவப் பின்னணியில் நின்று அச்சொல்லை எடுக்கிறார். இறைவனிடம் சரணடையும் அடியான் முதலில் தன் கணக்கைத் தானே பார்க்க வேண்டும் என்பது நம் ஸூஃபியாக்கள் வலியுறுத்திய செய்தி. ‘முஹாஸபா’ என்று அதற்குப் பெயரிட்டார்கள். வாழ்க்கை வரலாறு எழுதி, அதனோடு பழைய பாடல்களையும் எடுத்துத் திருத்துகிற ஒருவர் தம்மை அறியாமலே அப்பணியில் இறங்கிவிடுகிறார். எனவே முஹாஸபாவின் அளவுகோலைக் கொண்டு இத்தொகுப்பை அளப்பது அநீதியாகாது.

இசையளவில் இத்தொகுப்பு பெரும்பாலும் கிதார் கலைஞர் எட்ஜின் உழைப்பு. கொரோனா ஊரடங்குக் காலத்தில் வீட்டிலிருந்தபடி தொடங்கிய வேலை இது. விளையாட்டரங்குகளை நிறைப்பதற்காக எழுதப்பட்ட பாடல்களிலிருந்து மின்கிதாரின் எதிரொலியும் முரசின் இடியும் பெரும்பாலும் நீக்கப்பட்டு, பியானோவும் சாதாரண கிதாரும் முன்னுக்கு வந்துள்ளன. சுருதிகள் பல இடங்களில் தாழ்த்தப்பட்டுள்ளன. இருபது வயதில் உச்சத்தில் நின்று கூவிய குரல் அறுபதைத் தாண்டியபின் காதருகே பேசுவதுபோல் பாடுகிறது. ‘ஸ்டோரீஸ் ஃபார் பாய்ஸ்’ என்னும் தொடக்ககாலப் பாடலைப் பியானோவின் துணையுடன் எட்ஜே பாடுகிறார். சிறுவர் கதைகளைப் பற்றிச் சிறுவர்கள் ஆரவாரித்த பாடல், வயது முதிர்ந்தவரின் நினைவாக மாறிவிடுகிறது. சொல் பெரிதும் மாறாமலே பொருள் மாறுகிறது. மீளாக்கத்தின் பயன் இதுவெனில் அதை மறுப்பதற்கில்லை.

ஆனால் நாற்பதுக்கும் இந்தப் பயன் கிட்டவில்லை. இரைச்சலே உயிராக இருந்த பாடல்களிலிருந்து இரைச்சலை நீக்கினால் எஞ்சுவது எலும்புக்கூடு. தொடர்ந்து கேட்கும்போது ஒரே மென்மை, ஒரே தயக்கம் எல்லாப் பாடல்களின்மீதும் ஒரு போர்வைபோல் விழுவதை உணர்கிறோம். அடக்கமே ஆழம் என்று நம்பிவிடும் பிழை இது. பாதி எண்ணிக்கையில் நிறுத்தியிருந்தால் தொகுப்பு இருமடங்கு வலிமை பெற்றிருக்கும்.

அறைகூவல் கேள்வியானது

மீளாக்கம் முழு வெற்றி பெற்ற இடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1972 ஜனவரி 30 அன்று வட அயர்லாந்தின் டெர்ரி நகரில், குடியுரிமைப் பேரணியில் வந்த நிராயுதபாணிகள்மீது பிரித்தானியப் படையினர் சுட்டனர். அன்று பதின்மூன்று பேர் மாண்டனர். காயமுற்ற இன்னொருவர் சில மாதங்களில் இறந்தார். சுட்டவர்களைக் குற்றத்திலிருந்து விடுவித்த முதல் விசாரணையின் களங்கம் நீங்க, 2010-இல் வெளியான இரண்டாம் விசாரணை அறிக்கைவரை முப்பத்தெட்டு ஆண்டுகள் அம்மக்கள் காத்திருக்க நேர்ந்தது. அந்நிகழ்வைப் பின்னணியாகக் கொண்டது 1983-இல் வெளிவந்த ‘சண்டே பிளடி சண்டே’. படைநடைபோல் ஒலிக்கும் முரசோடு தொடங்கிய அப்பாடல், இயேசு ஈட்டிய வெற்றியைக் கைக்கொள்வதே உண்மைப் போர் என்ற அறைகூவலோடு முடிந்தது.

புதிய வடிவில் அம்முரசு இல்லை. இறுதி அடிகளும் மாற்றப்பட்டுள்ளன. அந்த வெற்றி எங்கே என்ற கேள்வியோடு பாடல் முடிகிறது. மதத்தின் பெயரால் நடப்பவை மதத்தின் ஆன்மாவுக்கே பகையாகிவிட்டன என்ற குற்றச்சாட்டும் சேர்ந்துகொள்கிறது. இருபத்திரண்டு வயது இளைஞனுக்குக் கிடைத்த விடை அறுபத்திரண்டு வயது மனிதருக்குக் கிடைக்கவில்லை. அதை அவர் மறைக்கவுமில்லை. பழைய வடிவைக் கேட்டவர்க்கு இம்மாற்றம் உடனே உறைக்கும். புதியது பழையதை நினைவூட்டியே பேசுகிறது. நாம் மேலே கண்ட நெறிக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இதே தொகுப்பில், இதே கையால் திருத்தப்பட்ட இன்னொரு பாடல் அந்நெறியிலிருந்து விலகிச் செல்கிறது. அது நம்மோடும் தொடர்புடையது.

ஒரு பாடலின் பயணம்

2000-ஆம் ஆண்டு மார்ச்சில் டப்ளின் மாநகரம் தன் உயர்ந்த கௌரவமான நகர உரிமையை யூ2 குழுவினருக்கு வழங்கியது. அதே வேளையில் அக்கௌரவம் பர்மாவில் வீட்டுக்காவலில் இருந்த ஆங் சான் சூச்சிக்கும் வழங்கப்பட்டது. அவரைப் பற்றி அறியத் தொடங்கிய குழுவினர் அவருக்காகவே ‘வாக் ஆன்’ (நடந்துகொண்டே இரு) என்னும் பாடலை இயற்றினர். நாட்டைவிட்டு வெளியேறினால் திரும்ப விடமாட்டார்கள் என்பதால், பிரிட்டனில் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த கணவரைக் காணவும் அவர் செல்லவில்லை. கணவர் 1999-இல் காலமானார். அந்தத் துயரம் பாடலின் அடியில் ஓடுகிறது. 2000-ஆம் ஆண்டு வெளியான தொகுப்பின் தலைப்பும் இப்பாடலிலிருந்தே எடுக்கப்பட்டது. ‘விட்டுச்செல்ல முடியாதவை யாவும்’ என்பது அதன் பொருள். பர்மிய இராணுவ அரசு அத்தொகுப்பைத் தடைசெய்தது.

பாடல் விரைவிலேயே தன் முதற்பொருளைக் கடந்தது. 2001 செப்டம்பர் 11-க்குப் பத்து நாள்களின் பின் அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் நடந்த நினைவு நிகழ்ச்சியில் அதைப் பாடினார்கள். அங்கே அது இறந்தோருக்கான ஆறுதலானது. 2002-இல் ஆண்டின் சிறந்த பதிவுக்கான கிராமி விருதும் பெற்றது. 2009-இல் தொடங்கிய இசைச் சுற்றுலாவில், சூச்சியின் முகமூடி அணிந்த தொண்டர்கள் மேடையைச் சுற்றி நிற்க இப்பாடல் ஒலித்தது. 2010 நவம்பரில் அவர் விடுதலையானார். 2012 ஜூனில் டப்ளின் வந்தபோது, பன்னாட்டுப் பொதுமன்னிப்பு அவை முன்னரே அறிவித்திருந்த ‘மனச்சான்றின் தூதர்’ விருதைப் போனோவின் கையால் பெற்றார். பாடலும் பாடப்பட்டவரும் நேருக்கு நேர் நின்ற நாள் அது.

பின்னர் நடந்ததை நம் வாசகர்கள் அறிவார்கள். 2016-இல் சூச்சி மியான்மர் அரசின் ஆலோசகரானார். 2017 ஆகஸ்ட் 25 அன்று காவல்நிலையங்கள்மீது நடந்த தாக்குதலைக் காரணம் காட்டி, ரகைன் மாநில ரோஹிங்யா முஸ்லிம்கள்மீது இராணுவம் பாய்ந்தது. ஊர்கள் எரிந்தன. சில மாதங்களில் ஏழு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் நாஃப் ஆற்றையும் எல்லையையும் கடந்து வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரை அடைந்தனர். 1982-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் ஏற்கெனவே அவர்களை நாடற்றவர்களாக்கியிருந்தது. அந்நிலத்தில் முஸ்லிம்களின் இருப்பு நேற்று தோன்றியதன்று. பதினேழாம் நூற்றாண்டில் அரக்கான் அரசவையில் இருந்துகொண்டுதான், மலிக் முஹம்மது ஜாயசியின் ‘பத்மாவத்’ காவியத்தைக் கவிஞர் அலாவோல் ‘பத்மாவதி’யாக வங்கமொழியில் மீளாக்கம் செய்தார். மீளாக்கக் கலைக்கே சிறந்த சான்று தந்த மண் அது.

இராணுவம் சூச்சியின் கட்டுப்பாட்டில் இல்லை என்பது உண்மை. 2008-ஆம் ஆண்டின் அரசியல் சட்டம் அதற்கு இடம் தரவில்லை. ஆயினும் அவருடைய வாயை அச்சட்டம் கட்டவில்லை. 2019 டிசம்பரில் காம்பியா நாடு தொடுத்த வழக்கில், தி ஹேக் பன்னாட்டு நீதிமன்றத்தில் தாமே முன்னின்று இனப்படுகொலைக் குற்றச்சாட்டை மறுத்தார். அதே வாரத்தில், டிசம்பர் 15 அன்று, யூ2 குழு மும்பையில் பாடியது. அதற்கு முந்திய மாதம் ஏ.ஆர். ரஹ்மானுடன் இணைந்து அவர்கள் வெளியிட்டிருந்த ‘அஹிம்சா’ பாடலில் திருக்குறளின் தமிழ் அடிகள் ஒலிக்கின்றன. தீங்கு செய்தவர்க்கும் நன்மை செய்யச் சொல்லும் நூலின் குரல் அங்கே, தீங்கே நடக்கவில்லை என்னும் குரல் இங்கே.

குழுவினர் மௌனமாக இருந்துவிட்டனர் என்று சொல்வது பழியாகும். 2017 நவம்பரில் அவர்கள் சூச்சியின் மௌனத்தைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டனர். அவர் பதவி விலகியிருக்க வேண்டும் என்ற கருத்தைப் போனோ பேட்டியில் தெரிவித்தார். டப்ளின் மாநகரம் அதே ஆண்டு டிசம்பரில் நகர உரிமையைத் திரும்பப் பெற்றது. 2018-இல் பொதுமன்னிப்பு அவையும் தன் விருதைத் திரும்பப் பெற்றது. விருதுகளைத் திரும்பப் பெறலாம். பாடலைத் திரும்பப் பெறுவது எப்படி? கலைஞர்முன் நின்ற கடினமான கேள்வி இதுதான். ‘சாங்ஸ் ஆஃப் சரண்டர்’ அதற்கு விடை சொல்ல வாய்த்த இடம்.

முகவரி மாற்றம்

தொகுப்பில் இப்பாடலின் பெயர் ‘வாக் ஆன் (உக்ரைன்)’. 2022 பிப்ரவரியில் ரஷ்யா படையெடுத்தபின், அந்நாட்டு மக்களுக்கு ஆதரவாக அதைப் புதிய வரிகளுடன் அமைத்தார்கள். நகைச்சுவை நடிகராக இருந்து அதிபரான ஸெலன்ஸ்கியைக் குறிப்பால் உணர்த்தும் அடியும் உண்டு. கிதாரின் மெல்லிய துணையோடு அடங்கிய குரலில் வருகிறது. தனித்துக் கேட்டால் நல்ல பாடலே.

உக்ரைன் மக்களின் துயரம் மெய்யானது. குண்டுவீச்சுக்கு அஞ்சி ஒரு பெட்டியோடு எல்லை கடந்த தாய்மாரின் கண்ணீரை ரோஹிங்யாக் கண்ணீரோடு தராசில் வைப்பது நமக்குத் தகாது. ஒரு துயரத்தைப் பாடுவதற்கு இன்னொரு துயரத்திடம் அனுமதி கேட்க வேண்டியதுமில்லை. நம் ஆட்சேபம் உக்ரைன் சேர்க்கப்பட்டது பற்றியதன்று. பர்மா வெளியேறிய விதம் பற்றியது.

‘சண்டே பிளடி சண்டே’யில் பழைய விடை நின்ற இடத்தில் கேள்வி ஒன்று நிற்கிறது. ‘வாக் ஆன்’ பாடலில் பழைய பெயர் நின்ற இடத்தில் இன்னொரு பெயர் நிற்கிறது. முன்னது திருத்தம், பின்னது முகவரி மாற்றம். யாரை நம்பிப் பாடினோம், அந்த நம்பிக்கைக்கு என்ன நேர்ந்தது என்ற செய்தி பாடலுக்குள் எங்கும் இல்லை. இளமையின் மத உறுதியை ஐயுற்ற அதே கவிஞர், தாம் ஒருவரை வீரராக உயர்த்திப் பாடிய பழக்கத்தை ஐயுறவில்லை. ஒரு வீரர் போனார், இன்னொரு வீரர் வந்தார். பாடலின் அமைப்பு அப்படியே இருக்கிறது.

பாடல் நிகழ்காலத்திற்கு உரியது, வரலாற்றுக் குறிப்பு எழுதுவது அதன் வேலையன்று என்று இதற்கு மறுப்புக் கூறலாம். மேடையில் பாடும் பாடலுக்கு அம்மறுப்பு பொருந்தும். 2001-இல் அது வேறு துயரத்திற்கு ஆறுதலானபோது யாரும் குறை காணவில்லை. ஆனால் இத்தொகுப்பு ஒரு மனிதரின் தன்வரலாற்றுக்குத் துணையாக, கடந்ததைத் திரும்பிப் பார்க்கும் செயலாகத் தன்னை அறிவித்துக்கொண்ட ஒன்று. திரும்பிப் பார்ப்பவர் பார்க்கக் கடினமான இடத்தில் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டால், அதைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

இதில் இன்னொரு வருத்தமும் இருக்கிறது. அப்பாடலின் முதல் வடிவம் எதைப் பற்றியது? வீட்டை விட்டு நடப்பதைப் பற்றியது. எதைச் சுமந்து செல்லலாம், எதை விட்டுச்செல்ல நேரும் என்பதைப் பற்றியது. பர்மா என்றதும் நடையை நினைப்பதற்குத் தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்கு வேறு காரணமும் உண்டு. 1942-இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது இரங்கூனிலிருந்து காடு மலை கடந்து நடந்தே வந்தவர்களும், 1960-களில் கடைகள் நாட்டுடைமையானபின் வெறுங்கையோடு கப்பலேறியவர்களும் நம் ஊர்களில் இருந்தார்கள். 2017-இல் நாஃப் ஆற்றங்கரைச் சேற்றில், முதிய பெற்றோரைத் தோளில் சுமந்து நடந்தவர்களின் படங்களை உலகம் கண்டது. எந்தப் பெண்மணிக்காக அப்பாடல் எழுதப்பட்டதோ, அவருடைய ஆட்சியில், அவருடைய நாட்டிலிருந்து, அப்பாடலின் சொற்களை வாழ்ந்துகொண்டு வெளியேறியவர்கள் அவர்களே. பாடல் தன் உண்மையான தலைவர்களைக் கண்டுகொள்ளும் நேரம் வந்தபோது, அது வேறு திசைக்குப் போய்விட்டது.

வேறொரு வழி

மீளாக்கத்தில் பழையதைக் காத்துக்கொண்டே புதியதைச் சொல்ல முடியும் என்பதற்கு அண்மைக்காலத்திலேயே சான்று இருக்கிறது. கேட் ஸ்டீவன்ஸ் என்று பெயர் பெற்றிருந்து, 1977-இல் இஸ்லாத்தைத் தழுவி, நெடுங்காலம் அத்தகைய இசையிலிருந்து விலகியிருந்த யூசுஃப் இஸ்லாம், 1970-இல் வெளியிட்ட தம் ‘டீ ஃபார் த டில்லர்மேன்’ தொகுப்பை ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் 2020 செப்டம்பரில் முழுவதுமாகப் புதிதாகப் பாடி வெளியிட்டார். அதில் ‘ஃபாதர் அண்ட் சன்’ என்பது தந்தைக்கும் மகனுக்கும் நடக்கும் உரையாடல். முன்பு இரு குரல்களையும் இளைஞரான அவரே பாடினார். புதிய வடிவில் எழுபதைக் கடந்த யூசுஃப் தந்தையாகப் பாடுகிறார். மகனின் பகுதிக்கு, 1970-இல் லாஸ் ஏஞ்சலிஸ் அரங்கொன்றில் பதிவான தம் இளமைக் குரலையே வைத்திருக்கிறார்.

இளமைக் குரலின் அவசரம் திருத்தப்படவில்லை. முதுமைக் குரலின் அறிவுரை அதை வெல்லவுமில்லை. வீட்டை விட்டுப் போயே தீர வேண்டும் என்று சொன்ன மகன் எங்கே போய்ச் சேர்ந்தான் என்பதைக் கேட்பவர் அறிவார். அவனைத் தடுக்கப் பார்க்கும் தந்தையும் அவனேதான். ஒரே பாடலில் கதீமும் ஜதீதும் எதிரெதிரே அமர்ந்து பேசுகின்றன. இசை பற்றிய மார்க்கச் சட்ட விவாதத்திற்குள் நாம் இங்கு நுழையவில்லை. ஒரு மனிதர் தம் பழைய தன்னை எப்படி நடத்துகிறார் என்பதை மட்டும் கவனிக்கிறோம். அவர் அதை வாயடைக்கவில்லை, பேச விடுகிறார்.

யூ2 குழுவும் ‘வாக் ஆன்’ பாடலில் இவ்வாறு ஏதேனும் செய்திருக்கலாம். உக்ரைனுக்கான வரிகளோடு, நம்பிக்கை பொய்த்த ஒரு வரி போதும். அந்த ஒரு வரி உக்ரைன் பாடலைக் குறைத்திருக்காது. வீரர்களைப் பாடுவதன் ஆபத்தை அறிந்தவரின் பாடலாக அதை உயர்த்தியிருக்கும். 2021 பிப்ரவரியில் இராணுவம் மீண்டும் ஆட்சியைக் கைப்பற்றிச் சூச்சியைச் சிறையிட்டது. ஒரே மனிதர் கொடுமைக்கு ஆளானவராகவும், கொடுமைக்கு வாதாடியவராகவும், மீண்டும் கொடுமைக்கு ஆளானவராகவும் நின்றார். ஒரு கலைஞருக்கு இதைவிடச் செறிவான பொருள் எளிதில் வாய்க்காது. அது பாடப்படாமல் நழுவவிடப்பட்டது.

‘சாங்ஸ் ஆஃப் சரண்டர்’ ஒரு நேர்மையான முயற்சி. தன் இளமையின் ஆரவாரத்தை மறுபரிசீலனை செய்ய முன்வந்த குழுக்கள் குறைவு. அதன் சிறந்த பாடல்களில் முதுமை தன் ஐயங்களை மறைக்காமல் நிற்கிறது. ஆனால் தன் கணக்கைத் தானே பார்ப்பவர் இலாபப் பக்கத்தை மட்டும் திருத்தி எழுதுவதில்லை. ஏட்டில் அடித்த வரியும் படிக்கும்படி இருக்க வேண்டும். பின்னால் வருகிறவர்களுக்கு அந்த அடித்த வரியிலும் ஒரு பாடம் இருக்கும்.